எரிச்சல் யாருக்கு? சிறுநீர்த் தொற்றை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

கரூர், ஈரோடு, திருப்பூர் பக்கம் வெயில் ஏறத் தொடங்கினால் லேபுக்கு வரும் சிறுநீர் டப்பாக்களும் கூடும். டப்பாவை மேசையில் வைத்துவிட்டு நிறையப் பேர் சொல்வது, "சூடு புடிச்சுக்கிச்சுங்க. நாலு நாளா எளநி குடிச்சுப் பாத்தேன், கேக்கலீங்க" என்பதுதான். அந்த நாலு நாளில் ஒருவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இன்னொருவருக்குக் கிருமி சிறுநீர்ப்பையைத் தாண்டிச் சிறுநீரகம் வரை ஏறியிருக்கும். இரண்டு பேருக்கும் தொடக்கம் ஒரே எரிச்சல்தான்.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்வோம்: எரிச்சல் யாருக்கு? இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கா, ஐம்பத்தைந்து வயது லாரி டிரைவருக்கா, ஆறு மாதக் கர்ப்பிணிக்கா, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் ஆத்தாவுக்கா? ஆளைப் பொறுத்து அவசரமும் மாறும், டெஸ்ட்டும் மாறும், மருந்தும் மாறும். நான் லேபில் வேலை பார்க்கிறவள், டாக்டர் இல்லை. நோய் இன்னதென்று முடிவு சொல்வதும் மருந்து எழுதுவதும் டாக்டர் வேலை. எப்போது கிளம்புவது, போய் என்ன சொல்வது, சாம்பிளை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் நம் கையில் இருக்கிறது. அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் உடம்பின் அமைப்பு, சுருக்கமாக

சிறுநீரகங்கள் இரண்டு. அங்கிருந்து ஆளுக்கொரு குழாய் வழியாகச் சிறுநீர் பைக்கு இறங்குகிறது. பையிலிருந்து வெளியே வரும் பாதை பெண்களுக்கு ஏறக்குறைய 4 செ.மீ. நீளம்தான். ஆண்களுக்கு 20 செ.மீ. வரை இருக்கும். இந்தத் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்குகிற ஈ.கோலை கிருமி நம் எல்லோருடைய குடலிலும் சாதாரணமாக வாழ்வது. பெண்களுக்கு மலத்துவாரமும் சிறுநீர்த் துவாரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, பாதையும் குட்டை. கிருமி ஏறுவது சுலபம். பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்துவிடுகிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிதாகக் கல்யாணம் ஆன பெண்ணுக்கு வந்தால், "சுத்தமா இருக்கத் தெரியல" என்று வீட்டிலேயே பேசிவிடுகிறார்கள். அது பொய். தாம்பத்திய உறவின்போது கிருமி உள்ளே தள்ளப்படுவது உடம்பின் அமைப்பால் நடப்பது. அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொள்வதற்கு அந்தப் பேச்சுதான் பாதிக் காரணம்.

படி 1: என்ன நடக்கிறது என்று ஒரு நாள் கவனியுங்கள்

சிறுநீர்ப்பையில் தொற்று இருந்தால் பொதுவாகத் தெரிபவை இவை. சிறுநீர் போகும்போது எரிச்சல் அல்லது குத்தல், பலருக்கு முடிக்கும் நேரத்தில் இன்னும் சுரீர் என்று. அடிக்கடி போகத் தோன்றும். போனால் நாலு சொட்டுத்தான் வரும், எழுந்து வந்ததும் மறுபடி முட்டும். அடக்க முடியாத அவசரம். தொப்புளுக்குக் கீழே, அடிவயிற்றில் ஒரு இறுக்கமான வலி. சிறுநீர் கலங்கலாக, வாடையோடு, சில சமயம் இளஞ்சிவப்பாக வரும். முன்பு முழுத் தூக்கம் தூங்கியவர் ராத்திரியில் பலமுறை எழுந்து போவார்.

ஒரு வயது வந்தவர் ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு தடவை சிறுநீர் போவது சாதாரணம். தண்ணீர் அதிகம் குடித்தால் இதுவும் கூடும். எத்தனை தடவை என்ற எண்ணிக்கையை விட, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு வருகிறது என்பதைப் பாருங்கள். நிறையக் குடித்து நிறையப் போவது வேறு. கொஞ்சம் கொஞ்சமாக, வலியோடு, திரும்பத் திரும்பப் போவது வேறு.

வாடையையும் கலங்கலையும் மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். தறிக்கூடத்திலோ காட்டிலோ நாள் முழுக்க வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் அடர் மஞ்சளாகி லேசாக எரியும், வாடையும் வரும். இந்த நிலையில் மட்டும் இளநீரும் மோரும் சரியான மருந்து. இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் பிரித்துப் பிரித்துக் குடித்து, சிறுநீர் வெளிர் மஞ்சளுக்கு வந்ததும் எரிச்சல் போய்விட்டதா? சரி, அது தொற்று இல்லை. ஒரு நாள் நன்றாகக் குடித்தும் எரிச்சலும் முட்டலும் அப்படியே இருந்தால் இரண்டாம் நாள் இளநீர்க் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போக வேண்டும். இந்த ஒரு நாள் சலுகைகூட காய்ச்சல் இல்லாத, கர்ப்பமாக இல்லாத, வேறு நோய் இல்லாத பெண்ணுக்குத்தான்.

படி 2: காய்ச்சல், நடுக்கம், விலாப்பக்க வலி உண்டா?

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. தெர்மாமீட்டர் வையுங்கள், கையால் தொட்டுப் பார்ப்பது போதாது. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்தால், கூடவே குளிர் நடுக்கமோ, குமட்டல் வாந்தியோ, முதுகில் விலா எலும்புக்குக் கீழே ஒரு பக்கமாக வலியோ இருந்தால், கிருமி சிறுநீரகத்தைத் தொட்டிருக்கலாம். அதற்குப் பிறகு வீட்டில் வைத்துப் பார்க்க எதுவும் இல்லை. அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். சிலருக்கு எரிச்சலே இல்லாமல் காய்ச்சலும் முதுகுவலியும் மட்டும் வரும்.

இடுப்புவலியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாள் முழுக்க மெஷினில் குனிந்து தைத்ததால் வரும் வலி குனிந்தால் நிமிர்ந்தால் மாறும். சிறுநீரக வலி எப்படிப் படுத்தாலும் இருக்கும்.

மூச்சு வேகமாக வாங்குவது, ஆள் தடுமாறிப் பேசுவது, கை கால் சில்லிட்டுப்போவது, சிறுநீரே குறைந்துவிடுவது என்று வந்தால் நச்சு ரத்தத்தில் கலந்துவிட்டது என்று எண்ணி உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சிறுநீரகக் கல் இருப்பதாகத் தெரிந்தவருக்குக் காய்ச்சலும் வந்தால் அதுவும் இதே அளவு அவசரம். கல் பாதையை அடைத்து அதற்குப் பின்னால் சீழ் தேங்கினால் மாத்திரை மட்டும் போதாது, அடைப்பை அவசரமாக எடுத்துவிட வேண்டியிருக்கும்.

படி 3: இது வேறு ஏதாவதா?

எரிந்தாலே தொற்று என்று இல்லை. பெண்களுக்கு அரிப்பும், தயிர்த்திரி மாதிரி வெள்ளைப்படுதலும் இருந்து, அடிக்கடி முட்டல் இல்லையென்றால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. சிறுநீர் வெளித்தோலில் படும்போது எரியும், உள்ளே எரியாது. இதற்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் பூஞ்சை இன்னும் கூடும்.

சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, இந்தப் பூஞ்சைத் தொற்று வர வாய்ப்பு அதிகம். அந்த மருந்து சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால் அப்படி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டையைக் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆண்களுக்குச் சிறுநீர்த் துவாரத்தில் சீழ் மாதிரி கசிவு இருந்தால் பால்வினைத் தொற்றாக இருக்கலாம். வெளியூர் வண்டி ஓட்டுகிறவர்கள் இதை மறைத்து, மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டு, வீட்டுக்கு வந்து மனைவிக்கும் கொடுத்துவிடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் இதற்குச் சோதனையும் மருந்தும் இலவசம். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து மருந்து எடுத்தால்தான் தீரும்.

விலாவிலிருந்து கவட்டை வரை அலை அலையாக, உட்கார முடியாமல் புரள வைக்கிற வலி என்றால் கல்லாக இருக்கலாம். பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடு செருகுகிறோமே, அந்தப் பூளைப்பூச் செடியைக் கல்லுக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அதை இங்கே ஆராயப்போவதில்லை. கிருமித் தொற்றுக்கு அது மருந்தாகாது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுவதும் அப்படியே.

நிறத்தைப் பற்றி ஒன்று. பீட்ரூட் சாப்பிட்டால் சிறுநீர் சிவக்கலாம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் ஆரஞ்சாக்கும். பி காம்ப்ளக்ஸ் பளீர் மஞ்சளாக்கும். இவை எதுவும் இல்லாமல், வலியும் இல்லாமல், சிறுநீரில் ரத்தம் வந்தால் அதைத் தொற்று என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அடுத்த நாள் நின்றுபோனாலும் போய்க் காட்ட வேண்டும். நாற்பதைத் தாண்டியவர், பீடி சிகரெட் பிடிப்பவர், சாயப்பட்டறையில் வருடக்கணக்கில் வேலை செய்தவர் என்றால் கட்டாயம். புகையும் சில வகைச் சாயப்பொருள்களும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது உறுதியானது. டாக்டர் கேட்காவிட்டாலும் "நான் டையிங்ல வேலை பாத்தேனுங்க" என்று நீங்களே சொல்லுங்கள்.

படி 4: யாருக்கு வந்திருக்கிறது?

கர்ப்பமில்லாத, வேறு நோயில்லாத இளவயதுப் பெண்ணுக்குக் காய்ச்சல் இல்லாமல் எரிச்சலும் முட்டலும் இருந்தால் அது எளிய வகை. ஓரிரு நாளுக்குள் டாக்டரைப் பார்த்தால் சின்ன கோர்ஸ் மருந்தில் தீர்ந்துவிடும்.

கர்ப்பிணி என்றால் அந்த "ஓரிரு நாள்" கிடையாது. கர்ப்பத்தில் குழாய்கள் தளர்ந்து சிறுநீர் தேங்குவதால் கிருமி மேலே ஏறுவது சுலபம். கவனிக்காமல் விட்டால் குறைப்பிரசவம் வரை கொண்டுபோகலாம். கர்ப்பிணிக்கு எரிச்சலே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருந்தாலும் மருந்து கொடுப்பார்கள், மற்ற பெரும்பாலானவர்களுக்கு அப்படி இல்லை. அதனால்தான் செக்கப்புக்குப் போகும்போது சிறுநீர் கேட்கிறார்கள். "எனக்கொண்ணும் பண்ணலீங்களே" என்று அந்த டெஸ்ட்டைத் தவிர்க்காதீர்கள்.

மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து அந்தப் பகுதியின் தோல் மெலிந்துவிடும். அங்கே காவல் இருக்கும் நல்ல கிருமிகளும் குறைந்துவிடும். திரும்பத் திரும்பத் தொற்று வரும். உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இதைக் குறைக்கிறது. பேத்தி வயது டாக்டரிடம் இதைப் பேசக் கூச்சப்பட்டுக்கொண்டு வருடத்துக்கு நாலு தடவை ஆன்டிபயாடிக் சாப்பிடும் அம்மாக்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பது தப்பே இல்லை. மகளோ மருமகளோ கூடப் போய்ப் பேச்சை எடுத்துக்கொடுக்கலாம்.

இப்போது ஆண்கள். ஆணுக்கு வரும் சிறுநீர்த் தொற்றை எளிய வகை என்று நினைக்கக் கூடாது. நீளமான பாதையையும் தாண்டிக் கிருமி ஏறியிருக்கிறது என்றால் பின்னால் ஏதாவது காரணம் இருக்கலாம். ஐம்பதுக்கு மேல் முதல் சந்தேகம் பிராஸ்டேட் சுரப்பி. அது பைக்குக் கீழே சிறுநீர்ப் பாதையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாயைக் காலால் மிதித்தால் தண்ணீர் பின்னால் தேங்கிக்கொள்ளுமே, வீங்கிய பிராஸ்டேட் செய்வது அதைத்தான். பை முழுசாகக் காலியாவதில்லை, மிச்சம் நிற்கும் சிறுநீரில் கிருமி பெருகுகிறது.

எனவே எரிச்சலோடு இவற்றையும் கேட்டுப் பாருங்கள். சிறுநீர் தொடங்க நேரமாகிறதா, தாரை மெலிந்துவிட்டதா, விட்டு விட்டு வருகிறதா, முடித்த பிறகும் சொட்டுகிறதா, மிச்சம் இருக்கிற மாதிரியே தோன்றுகிறதா? இவற்றை நம் அப்பாமார்கள் "வயசானா அப்பிடித்தான்" என்று தள்ளிவிடுவார்கள். மகன்கள்தான் கேட்க வேண்டும்.

பிராஸ்டேட்டே தொற்றிக்கொண்டால் படம் வேறு. நல்ல காய்ச்சல், விதைப்பைக்கும் மலத்துவாரத்துக்கும் நடுவே வலி, உட்காரவே கஷ்டம், சிறுநீர் வெளிவரத் திணறல், விந்து வெளிவரும்போது வலி. இதற்கு மருந்து வாரக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டால் திரும்ப வரும்.

விதை வீங்கி வலித்தால் அதுவும் தொற்றாக இருக்கலாம். ஆனால் பையன்களுக்கும் இளைஞர்களுக்கும் திடீரென்று ஒரு பக்கம் கடுமையாக வலித்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் விதையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்புங்கள்.

அடிவயிறு உப்பி, முட்டிக்கொண்டு, ஒரு சொட்டும் வராமல் நின்றுவிட்டால் அதுவும் உடனே மருத்துவமனை. பிராஸ்டேட் வீக்கம் உள்ளவர் சளிக்கு மெடிக்கலில் வாங்கும் மாத்திரையாலேயே இப்படி அடைத்துக்கொள்வதுண்டு. வீட்டில் அப்பாருக்கு இந்தப் பிரச்சினை இருந்தால் சளி மாத்திரை வாங்கும்போது அதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு எரிச்சல் தெரியாமலேயே தொற்று முற்றலாம். காரணமில்லாமல் சர்க்கரை எகிறுவதும், சோர்வும், லேசான காய்ச்சலும் மட்டும் இருக்கும். எழுபது எண்பது வயதுக்காரர்களுக்குத் திடீர்க் குழப்பம், சாப்பாடு வேண்டாமென்பது, நடை தடுமாறி விழுவது என்று வெளிப்படலாம். ஆனால் குழப்பத்துக்குத் தண்ணீர்ச் சத்துக் குறைவு, சர்க்கரை இறங்குவது, உப்புக் குறைவு, மருந்து என்று வேறு காரணங்களும் நிறைய. "ஒண்ணுக்கு நாறுது, அதான்" என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

குழந்தைகளுக்குச் சளி இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் வந்தால் சிறுநீரையும் சோதிக்க வேண்டும். படுக்கையை நனைப்பதை நிறுத்திய குழந்தை மறுபடி நனைக்கத் தொடங்கினாலும் அப்படியே.

படி 5: எங்கே போவது, என்ன சொல்வது

எளிய வகைக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் போதும். பனியன் கம்பெனியிலோ மில்லிலோ ஈஎஸ்ஐ பிடித்தம் செய்கிறார்கள் என்றால் ஈஎஸ்ஐ டிஸ்பென்சரி உங்களுடையது. பையனோ பொண்ணோ ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் ஈஎஸ்ஐ எண்ணைப் போனில் சேமித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காய்ச்சல், வாந்தி, அடைப்பு, கர்ப்பிணி என்றால் தாலுகா மருத்துவமனை அல்லது அதற்கு மேல். கோவை, பெருந்துறை, திருப்பூர், நாமக்கல், கரூர் எல்லா இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "சூடுங்க" என்று ஒரே வார்த்தையில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மூணு நாளா ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுங்க டாக்டர். மணிக்கு ரெண்டு தடவை முட்டுதுங்க. நேத்து ராத்திரி காச்சல் 101 இருந்துச்சு. மாசக் குளியல் பத்து நாள் தள்ளியிருக்குதுங்க. போன மாசமும் இதுக்கு மாத்திரை சாப்ட்டேன், அட்டை இந்தாங்க." அரை நிமிடம்தான். டாக்டருக்குத் தேவையான எல்லாமே இதில் இருக்கிறது.

படி 6: சாம்பிள் பிடிப்பது

என் மேசைக்கு வரும் டப்பாக்களில் நிறைய வீணாவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரை வாய்க்குள் போவதற்கு முன்பே சிறுநீர் கொடுத்துவிட வேண்டும். இரண்டு மாத்திரை சாப்பிட்ட பிறகு கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட், வைத்தால் கிருமி வளராமல் போகலாம். ரிப்போர்ட் சுத்தமாக வரும், உடம்பில் கிருமி இருந்துகொண்டே இருக்கும். மாத்திரை ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் அதை லேபில் மறைக்காமல் சொல்லுங்கள்.

டப்பா லேபில் தருவதாக, மூடி பிரிக்காததாக இருக்க வேண்டும். வீட்டில் கழுவிக் காயவைத்த இருமல் மருந்து பாட்டில் ஆகாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். பெண்கள் வெறும் தண்ணீரால் முன்னாலிருந்து பின்னால் கழுவி, இதழ்களைக் கையால் விலக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவ வேண்டும். டெட்டால் போட்டுக் கழுவாதீர்கள், அது சிறுநீரில் கலந்தால் கிருமியைக் கொன்று ரிப்போர்ட்டைக் கெடுக்கும். முதலில் வரும் சிறுநீரைக் கழிவறையில் விட்டுவிட்டு, நிறுத்தாமல் நடுவில் வருவதை டப்பாவில் பிடித்து, கடைசியை மறுபடி கழிவறையில் விடுங்கள். மூடியின் உட்புறத்தை விரலால் தொடாதீர்கள். மாதவிலக்கு நாளாக இருந்தால் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அந்த ரத்தத்தைச் சிறுநீரில் வந்த ரத்தமாக நாங்கள் எழுதிவிடுவோம்.

காலையில் எழுந்ததும் வரும் சிறுநீர் நல்லது. ஆனால் அந்தியூருக்கு அந்தப்பக்கம் ஒரு மலையடிவாரத்தில் பிடித்த சாம்பிள் இரண்டு பஸ் மாறி டவுனுக்கு வருவதற்குள் வெயிலில் என்ன ஆகும்? ஈ.கோலை வசதியான சூட்டில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வராவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், உறைய விடக் கூடாது. அப்படி வைத்தால் 24 மணி நேரம் வரை பரவாயில்லை. வழி தூரமென்றால் லேபுக்கே வந்து கொடுப்பது மேல். வரும் வழியில் தண்ணீர் குடித்துக்கொண்டு வாருங்கள், வந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போகும்.

படி 7: ரிப்போர்ட்டில் என்ன பார்ப்பது

யூரின் ரொட்டீன் என்ற சாதாரணச் சிறுநீர் டெஸ்ட்டில் பஸ் செல்ஸ் (Pus cells, சீழ் அணுக்கள்) என்ற வரியில் 5 வரைக்கும் பொதுவாகச் சாதாரணம். அதற்கு மேல் கூடக்கூட அழற்சி இருக்கிறது என்று பொருள், கிருமி உறுதி என்று பொருளில்லை. நைட்ரைட் பாசிட்டிவ் என்றால் தொற்றுக்கு நல்ல ஆதாரம். நெகட்டிவ் என்றால் தொற்றே இல்லை என்று சொல்லிவிட முடியாது, சில கிருமிகள் நைட்ரைட் தராது. எபிதீலியல் செல்ஸ் நிறைய என்றால் சாம்பிள் தோலைத் தொட்டு வந்திருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவருக்குச் சிறுநீரில் சர்க்கரை பாசிட்டிவ் என்று வரத்தான் செய்யும், பயப்பட வேண்டாம்.

கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும், லேப்காரர்களை அவசரப்படுத்திப் பயனில்லை, கிருமி வளர நேரம் வேண்டும். அதில் கிருமியின் பெயரும் ஒரு மி.லி.க்கு எத்தனை என்றும் இருக்கும். 1,00,000 அல்லது அதற்கு மேல் என்பது வழக்கமான எல்லை. ஆனால் எரிச்சல் தெளிவாக இருந்தால் அதற்குக் குறைந்த எண்ணிக்கையையும் டாக்டர் கணக்கில் எடுப்பார். கீழே மருந்துப் பட்டியலில் எஸ் என்றால் அந்த மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது. எஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து நீங்களே மெடிக்கலில் வாங்காதீர்கள். சில மருந்துகள் பைக்கு மட்டும் நல்லவை, சிறுநீரகத்துக்கும் பிராஸ்டேட்டுக்கும் போய்ச் சேராதவை.

படி 8: மாத்திரை தொடங்கிய பிறகு

எளிய வகைக்கு டாக்டர்கள் பெரும்பாலும் எழுதுவது நைட்ரோஃபுரான்டாயின், வழக்கமாக 5 நாள். அல்லது ஃபாஸ்ஃபோமைசின், தண்ணீரில் கலக்கி ஒரே தடவை குடிக்கும் 3 கிராம் பவுடர். நைட்ரோஃபுரான்டாயினைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், சிறுநீர் பழுப்பாகப் போவது அந்த மருந்தால்தான். நார்ஃப்ளாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின் என்று முன்பு எல்லோரும் கேட்டு வாங்கிய மாத்திரைகளுக்கு இன்று நம் நாட்டு ஈ.கோலை பெருமளவு மசிவதில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன வருடம் கேட்டது உங்களுக்கும் கேட்கும் என்று அதே அட்டையை வாங்குவது இதனால்தான் ஆபத்து.

மெடிக்கலில் தரும் சிட்ரேட் சிரப் எரிச்சலைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. அதில் சோடியம் இருப்பதால் இதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் கேட்காமல் குடிக்க வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீரும் ஆகாது, அதில் பொட்டாசியம் அதிகம். தண்ணீர் அளவு குறைத்துச் சொல்லப்பட்டவர்கள் "நிறையத் தண்ணி குடி" என்ற அறிவுரையை யார் சொன்னாலும் கேட்கக் கூடாது.

48 மணி நேரத்தில் எரிச்சல் தெளிவாகக் குறைய வேண்டும். குறையவில்லை, அல்லது காய்ச்சல் புதிதாக வருகிறது என்றால் கல்ச்சர் ரிப்போர்ட்டோடு திரும்பப் போங்கள். குறைந்துவிட்டாலும் எழுதிய நாள்வரை சாப்பிட்டு முடியுங்கள்.

திரும்ப வராமல் இருக்க

திருப்பூரில் பீஸ் ரேட்டில் தைக்கிற பெண்கள் காலை முதல் மத்தியானம் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். எழுந்தால் பீஸ் குறையும், லைனில் பேச்சு வரும், கழிவறையும் அந்த லட்சணத்தில் இருக்கும். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. பவர்லூமிலும் இதே கதைதான், பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். தினமும் ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்து, அடிக்கடி தொற்று வந்துகொண்டிருந்த பெண்களை வைத்து நடத்தி 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், தினம் இன்னும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தண்ணீர் குடி என்று பெண்ணிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. பூட்டில்லாத, தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் உள்ள கழிவறையும் எழுந்து போக அனுமதியும் கம்பெனி தர வேண்டும். சூப்பர்வைசராக இருக்கிறவர்கள் இதைப் படித்தால், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது லைனை எழுப்பி விடுங்கள்.

மற்றவை சின்னச் சின்னவை. மலம் கழித்ததும் முன்னாலிருந்து பின்னால் கழுவுங்கள். உறவுக்குப் பிறகு சிறுநீர் போய்விட்டு வாருங்கள். வாசனைத் திரவம் போட்டு உள்ளே கழுவாதீர்கள். மலச்சிக்கலைச் சரிசெய்யுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள்.

ஆறு மாதத்தில் இரண்டு தடவை, அல்லது ஒரு வருடத்தில் மூன்று தடவை வந்தால் அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று கணக்கில் எடுத்து, சிறுநீரக அறுவை மருத்துவரையோ மகளிர் மருத்துவரையோ பார்க்க வேண்டும். ஸ்கேன் எடுத்துக் கல்லோ, மிச்சம் நிற்கும் சிறுநீரோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்குப் போகும்போது இதுவரை எடுத்த கல்ச்சர் ரிப்போர்ட்டுகள், சாப்பிட்ட மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள். எந்தக் கிருமி திரும்பத் திரும்ப வருகிறது, எந்த மருந்து முன்பே தோற்றது என்பது அந்தக் கவரைப் பார்த்தால் டாக்டருக்குத் தெரிந்துவிடும்.